மூன்று தடங்கள்

நெரவியில் வீடு கட்டி முடித்தபோது உள்ளே போட ஒரு நாற்காலிகூட இல்லை. பிராங்க்ளினும் டெல்பினும் அவசரப்படவில்லை. பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் சாமான்களை மலிவாகத் தள்ளிவிடுவார்கள், ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். பல வருடமாகப் பிள்ளைக்குக் காத்திருப்பவர்களுக்கு மேசைக்குக் காத்திருப்பதா கஷ்டம்?

பொருள் வருவதற்கு முன்பே அதன் கால்தடம் வந்துவிடும். முதலில் சன்னலோரம், புதுச் சிமெண்ட் தரையில் நான்கு பள்ளங்கள் தெரிந்தன. அடுத்த வாரம் வாங்கி வந்த மேசை அவற்றில் கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டிலும் அப்படித்தான், பீரோவும் அப்படித்தான். பிறகு தடத்தை நூல் பிடித்து அளந்துகொண்டுதான் சாமான் பார்க்கப் போனார்கள்.

போன மாதம் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்றே மூன்று தடங்கள் விழுந்தன.

“முக்காலியா இருக்கும்,” என்று பிராங்க்ளின் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். அது பொருந்தவில்லை.

மறுநாள் காலையில் மூன்று தடங்களும் கோடுகளாக நீண்டிருந்தன. சுவரில் முட்டி, வளைந்து, கூடத்தைக் கடந்து அடுப்படிக்குள் போயிருந்தன.

பிராங்க்ளின் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோட்டை விரலால் தடவினான்.

“டெல்பின், இது நடைவண்டி போன தடந்தானே?”

“ஆமாங்க. பொறுமையா பாத்து, நல்ல மரமா வாங்குவோம். இன்னும் நாள் கெடக்குல்ல.”

கோடுகள் அடுப்படி மூலையில், அரிவாள்மனைக்கு எதிரே போய் நின்றிருந்தன. டெல்பின் அரிவாள்மனையை எடுத்து, எட்டாத உயரத்தில் மேல்தட்டில் வைத்தாள்.