ராணி குளித்த குழி

கோட்டை உச்சியில் வைத்தே தேர்வு. பாறையில் இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டியிருந்த குழியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார் தேர்வு அதிகாரி உமா மகேஸ்வரி.

தேர்வுக்கு நின்றவன் உள்ளூர்க்காரன் அய்யாக்குட்டி. வடகரைக்கு மேலே இருக்கும் இந்த மலைக்கோட்டையைப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டார்கள். இன்று தேறினால்தான் கழுத்தில் வழிகாட்டி அட்டை தொங்கும். தவறினால் அவனும் டிக்கெட் எடுத்துத்தான் மலையேற வேண்டும்.

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்களிடம் பத்து வருடமாக அவன் அவிழ்த்துவிட்ட கதைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் சர்க்காரே கேட்கும்போது பொய் சொல்லலாமா?

“எங்க அப்பா வெட்டுனது மேடம். ஆட்டுக்குத் தண்ணி காட்ட.”

மூன்று கோடை, ஒரே உளி, கை நிறையக் காய்ப்பு. அதையும் சொன்னான்.

மேடத்தின் முகம் சுருங்கியது. துறை போட்ட புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். ராணி மஞ்சள் தேய்த்துக் குளித்த சுனையாம். ஆதாரம், வாய்மொழி மரபு. அடுத்த வாரம் பலகையே வைக்கப்போகிறார்களாம். ஊர்க்காரருக்கே ஊர் வரலாறு தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார்.

அய்யாக்குட்டிக்குப் பகீரென்றது. அந்த மரபின் வாய் அவனுடையது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் பிரானூரில் பரோட்டா வாங்கித் தந்தார். அந்த நன்றிக்கு எடுத்துவிட்ட ராணி அவள்.

இப்போது அவள் பலகையில் ஏறப்போகிறாள். அப்பாவின் மூன்று கோடையும் அவள் மஞ்சளோடு கரைந்து போகப்போகிறது.

இன்னொரு வாய்ப்பு கேட்டான். பெரிய மனது பண்ணிக் கொடுத்தார்.

இந்தத் தடவை ராணிக்கு ஏழு தோழிகளைச் சேர்த்தான். மஞ்சள் கடையம் ஊரிலிருந்து பல்லக்கில் வந்தது. மேடம் தலையாட்டிக்கொண்டே மதிப்பெண் போட்டார்.

“சுனைய வெட்டுன சிற்பி பேரு புத்தகத்துல விட்டுப்போச்சு மேடம். சங்கிலிபூதத்தான்னு சொல்லுவாவ.”

மேடத்தின் கண் விரிந்தது. இது புதிய தகவல், பலகையில் சேர்த்துவிடலாம் என்று சொல்லி, இரண்டு தடவை கேட்டுப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார்.

அய்யாக்குட்டி தேறிவிட்டான்.

அவனுடைய விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் என்ற கட்டத்திலும் சங்கிலிபூதத்தான் என்றுதான் இருந்தது. மேடம் அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை.