ஆறு டயர்

எனக்கு இதைச் சரியாகச் சொல்ல வருமா தெரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் டயரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜப்பான்காரன் ஆட்சியின் கடைசி வருஷம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாடகை வீடு குண்டில் போன பிறகு, என் வீட்டுக்காரர் அய்யாவுவின் பழைய லோரிதான் எங்களுக்கு வீடு. பின்பக்கம் பலகை அடித்துத் தகரம் போட்டிருந்தார். பாதியில் நாங்கள், பாதியில் மரவள்ளிக்கிழங்கு. ஜெஞ்சாரோமில் ஏற்றிக் கிள்ளானில் இறக்குவோம்.

லோரிக்கு ஆறு டயர். முன்னால் இரண்டும் நல்லவை. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலும் தேய்ந்து மொட்டை. சுற்றிலும் ரப்பர் மரம், ஆனால் ஒரு புது டயர் கிடைக்காது.

"ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் டயரை முன்னபின்ன மாத்தணும்னு நீங்கதானே சொல்வீங்க. மூணு மாசம் ஆச்சு" என்று அவரை அரித்தேன்.

அவர் காய்ச்சலில் லோரிக்குள் சுருண்டு கிடந்தார். "காதர்கிட்ட சொல்லி நீயே மாத்திக்கோ. என்னை விடு."

காதர், கிள்ளான் பாசாரில், சந்தைப் பக்கம், டயருக்கு ஒட்டுப் போடுகிறவன். அவன் கடை வாசலில்தான் லோரி நின்றது.

"நல்லது ரெண்டையும் பின்னால போடு தம்பி. பாரம் அங்கதான்."

"சரிக்கா. நீங்க பாசாருக்குப் போயிட்டு வாங்க."

திரும்பி வந்தேன். முன்னால் இரண்டும் மொட்டை. பின்னால் இந்தப் பக்கம் மொட்டை. ஓடிப்போய் அந்தப் பக்கம் பார்த்தேன், அதுவும் மொட்டை.

"எங்கடா என் டயரு?"

"மாத்தியாச்சுக்கா. கத்தாதீங்க."

"யாருக்கு மாத்தினே? வித்துட்டியா? வீடு போனவ வயித்துல அடிக்கிறியே, திருட்டுப் பயலே."

கூட்டம் கூடிவிட்டது. "பார்க்க எவ்வளவு சாதுவா இருக்கான்" என்றாள் கீரை விற்கும் வள்ளியம்மா.

எதிர்க் காப்பிக்கடையில் வந்து உட்கார்ந்திருந்த வாசு சிரித்தான். "காதர், எனக்கும் ஒரு டயர் குடு லா."

வாசு ஜப்பான்காரனுக்குத் துபாசி. உருப்படியாக ஓடும் லோரியைக் காட்டிக்கொடுப்பான். லோரியோடு டிரைவரையும் பிடித்துப் போவார்கள். போன வாரம் அப்படிப் பிடித்துப் போன லோரிக்காரர் ஜெயராஜ் இன்னும் திரும்பவில்லை.

காதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அரை மணி நேரத்தில் வாசு ஒரு சிப்பாயோடு எங்கள் லோரிக்கு வந்தான். உள்ளே அவர் முனகுவது கேட்டது. சிப்பாய் முன் டயரை பூட்ஸால் உதைத்தான். பின்பக்கம் இரண்டு பக்கமும் போய் உதைத்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"உங்களுக்கு நல்ல நேரம்கா" என்றான் வாசு. "உங்க டயரைத் திருடிட்டான். இல்லாட்டி லோரியும் அண்ணனும் இப்ப எங்ககூட."

அவர்கள் தெருமுனை திரும்பியதும் காதர் பக்கத்தில் வந்தான். "பின்னால ரெண்டு டயருக்கு நடுவுல கையை விட்டுப் பாருங்கக்கா."

விட்டேன். அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினேன். வெளியே இருந்த மொட்டைக்கு மறைவில், உள் டயரின் ஆழமான கோடுகள் விரலில் தட்டுப்பட்டன. அந்தப் பக்கமும் அப்படியே. என் டயர் இரண்டும் என் லோரியிலேயே இருந்தன.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எதிர்ல அந்த வாசு. உங்க வாயோ பூட்டு இல்லாத வாய்."

"ஊர் முன்னால உன் பேரைக் கெடுத்துட்டேனே தம்பி."

"பேருக்கு ஒட்டுப் போட்டுக்கலாம்கா. அண்ணனைக் கொண்டு போயிட்டா எங்க ஒட்டுறது?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அதை மெதுவா சொல்லுங்க" என்றான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி டயர் மாற்றும் நாள் வந்தது. உள்ளே இருப்பதை உள்ளேயே இடம் வலம் மாற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் தேறி எழுந்து ஜாக்கி போட்டார். ஒட்டுப் போடுகிற சாக்கில் காதர் லோரிக்கு அடியில் போனான். எதிர்க் கடையில் வாசு காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனேன். "ரெண்டு டயரைத் தின்னவனே, ஒட்டாவது ஒழுங்கா போடுடா" என்று போன தடவையைவிடச் சத்தமாகத் திட்ட ஆரம்பித்தேன்.

வாசு சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடியிலிருந்து காதரின் குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் திட்டுங்கக்கா. ஒரு நட்டுதான் பாக்கி."

திட்டினேன்.