நீக்க இயலாது

மகள் எழுதிய நாவலை யாரோ ஒருவர் நூலகத்தில் முன்பதிவு செய்திருந்தார். எந்தத் தாய்க்கும் மனம் குளிர வேண்டிய சங்கதி. அவளுக்கோ பயம் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால், அப்படி ஒரு நாவலே கிடையாது.

நூலகங்களுக்கான மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. நிஜப் புத்தகங்களின் விவரங்களில் கை வைக்கக் கூடாது என்பதால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் அவளே இட்டுக்கட்டுவாள். 'தவளைகளுக்கான வருமான வரிச் சட்டம்' என்று ஒரு புத்தகம், அதற்கு மைனஸ் எட்டுப் பக்கம். மென்பொருள் அதை முழுங்குகிறதா, துப்புகிறதா என்று பார்ப்பாள்.

ஒரு மந்தமான மத்தியானத்தில், ஆசிரியர் பெயருக்கு ஒன்றும் தோன்றாமல் மகளின் பெயரைத் தட்டிவிட்டாள். அப்புறம் கை நிற்கவில்லை. முதலில் குழந்தைப் பாடல்கள், பிறகு ஒரு பயண நூல், கடைசியில் தலையணை கனத்தில் ஒரு நாவல் என்று மகளை எழுத வைத்துக்கொண்டே போனாள். இருந்திருந்தால் இந்த வருஷம் கல்லூரி முடித்திருப்பாள்.

மென்பொருளை வெள்ளோட்டமாக வாசகர்களுக்குத் திறந்துவிட்டபோது பொய்ப் பதிவுகளும் கூடவே போய்விட்டன. தவளைச் சட்டம் வேண்டும் என்று ஒரு வக்கீல் வந்து நின்றதாக நூலகர் அம்மாள் போனில் குறைப்பட்டுக்கொண்டார். திறப்பு விழாவுக்குள் எல்லாவற்றையும் துடைத்துவிடச் சொன்னார்.

ஒரே தட்டில் எல்லாம் போயின. நாவல் மட்டும் போகவில்லை. 'முன்பதிவு உள்ளது. நீக்க இயலாது' என்றது திரை.

முன்பதிவை ரத்து செய்தாள். இனி அழித்துவிடலாம். ஆனால் விரல் ஏனோ இறங்கவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தாள். காலையில் பார்த்தால் மறுபடி முன்பதிவு. ரத்து செய்தாள். சாயங்காலத்துக்குள் மறுபடியும் வந்துவிட்டது.

வாசிப்புக் கூடத்தில் ஒரு பொதுக் கணினி உண்டு. அதில் யார் பதிந்தாலும் 'விருந்தினர்' என்றுதான் விழும். அங்கிருந்துதான் யாரோ செய்கிறார்கள் என்றார் நூலகர் அம்மாள். "எங்க லைப்ரரில ஆவி எதுவும் உறுப்பினரா இல்லைங்க" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாவலுக்குத் தலைப்பு வைக்க மனம் வராமல் அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். ஆசிரியர் பெயரைத் தட்டித் தேடினால்தான் அது அகப்படும். அந்தப் பெயரை யார் தேடப்போகிறார்கள்?

கணவரிடம் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். மகள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர் அவர். மகளுக்கென்று ஆசையாய் வர்ணம் அடித்த சின்ன அறையில் இஸ்திரி மேஜையைக் கொண்டுபோய்ப் போட்டு, கதையை அத்தோடு முடித்தவர். கல் நெஞ்சு என்று அவள் என்றோ முடிவுகட்டியிருந்தாள். அவள் வேலையைப் பற்றி ஒரு நாளும் கேட்காதவர், அன்று சாப்பிட்டுக்கொண்டே லைப்ரரி வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். தலையை ஆட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

திறப்புக்கு முந்தின நாள், முன்பதிவை மறுபடி ரத்து செய்துவிட்டு, நேரே நூலகத்துக்குப் போய்ச் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலோரம் அந்தக் கணினி சும்மா கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் உறை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கல்லூரி முடித்த வயது. காதோரத்தில் கணவரின் ஜாடைகூட இருப்பதுபோல் தெரிந்தது. அந்தப் பெண் எதையோ தேடினாள், குறித்துக்கொண்டாள், எழுந்து போய்விட்டாள். இவள் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். கணக்குப் பதிவியல். வெட்கத்தோடு இடத்துக்குத் திரும்பி வந்தாள்.

மதிய நேரத்தில் நாற்காலி மறுபடி இழுபட்டது. இந்தத் தடவை முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாய்ப் பார்த்த முதுகு.

ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, எங்கே உடைந்துவிடுமோ என்பதுபோல் அவர் தட்டினார். மகளின் பெயர் திரையில் வந்தது. முன்பதிவு செய்தார். செய்த பிறகும் எழுந்து போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பின்னால் போய் நின்றாள். "நீங்களா?"

அவர் திரும்பவில்லை. ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது மடிக்கணினி திறந்து கிடந்ததாம், அப்போது அந்தப் பெயரைப் பார்த்துவிட்டாராம். திரையிடம் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார்.

"நாளைக்குத் திறப்புங்க. இதை அழிச்சே ஆகணும்" என்றாள்.

மகள் அழாமலே பிறந்தவள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பெண் சிசு' என்பதோடு சரி. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே இருவரும் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த பெயர் அது. பிறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அப்புறம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"அவ பேரைப் பார்க்கணும்னா நான் வேற எங்கே போறது?"