பதினாறு டிக்

தாலுகா ஆபீஸ் எதிரே மனு டைப் செய்து கொடுக்கும் எஸ்தர், அன்று காலையில்தான் அந்த இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றினாள். கூடவே பதினாறு துணைச்செயலிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் டிக் போட்டே இருந்தது. அவள் வழக்கம்போல ‘அடுத்து, அடுத்து’ என்று அமுக்கிவிட்டாள்.

முதலில் வந்தவள் முத்துப்பேச்சி. கணவன் மாடசாமிமீது புகார். அவன் ஓங்கிய அரிவாளிலிருந்து, இப்போது மகனோடு ஒளிந்திருக்கும் வீட்டு முகவரிவரை அவள் சொல்லச் சொல்ல, எஸ்தர் தட்டினாள்.

கடைசிப் புள்ளி வைத்ததும் துணைச்செயலிகளில் ஒன்று திரையில் எழுதியது: ‘மனுவில் பெயருள்ள எல்லோரையும் தேடிப்பிடித்து நகல் அனுப்பிவிட்டேன்.’

எஸ்தர் பதறிப்போய் வயரைப் பிடுங்குவதற்குள் அடுத்த வரியும் வந்துவிட்டது: ‘மாடசாமி படித்துவிட்டார்.’

“ஒம் மவன் எங்கட்டி?”

“அந்த வீட்லதான்க்கா. தூங்குதான்னு தனியா விட்டுட்டு வந்தேன்.”