இரண்டடி பின்னால்

"இந்த லென்ஸை நம்பி என் பொண்ணை ஒரு படம்கூட உருப்படியா எடுக்க முடியலைம்மா. அவளை எடுத்தா, அவளுக்கு ரெண்டடி பின்னாடி இருக்கறதுதான் பளிச்சுன்னு விழுது."

வந்தவர் கேமராவை ரிப்பேர் கடை மேசைமேல் வைத்தார். அறுபதை நெருங்கும் வயது, கசங்காத சட்டை, அவசரமே இல்லாத பேச்சு.

கேட்டதும் மெக்கானிக்கம்மாவுக்கு உற்சாகம் பிறந்தது. இருபத்திரண்டு வருடமாக லென்ஸோடு மல்லுக்கட்டுகிறவள். கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி என்றால் இந்த வகைக் கேமராவில் இப்படித் தகராறு வருவது உண்டுதான். இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஓரமாக ஒரு சின்ன ஜன்னல், அதில் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஜன்னலில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். படத்தில் ஃபோகஸ் வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கும்.

"படத்தைக் காட்டுங்க சார்."

கேமராவின் திரையில் முதல் படத்தைக் காட்டினார். நூலகப் படிக்கட்டு. முன்னால் ஒரு பெண், மங்கலாக. மங்கலாக இருந்தும் அந்த முகம் மெக்கானிக்கம்மாவுக்குத் தெரிந்தது. போன மாதம் மகன் ஃபோனில் காட்டிய முகம். "இவளைத்தாம்மா கட்டிக்கப் போறேன். அவங்க அப்பாகிட்ட அவளே நேரம் பார்த்துச் சொல்லுவா. அதுவரைக்கும் நீ மூச்சு விடக் கூடாது" என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தான்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டடி பின்னால், புத்தகம் படிப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு, மீசை முடியை எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவாக நின்றிருந்தான் மெக்கானிக்கம்மாவின் மகன்.

அவள் அவசரமாக அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.

அடுத்தது பஸ் ஸ்டாப். பெண் மங்கல், மகன் பளிச். அதற்கடுத்தது பூங்கா. அங்கேயும் தடியன் கையில் ஐஸ்கிரீமோடு அசடு வழிய நிற்கிறான்.

"ஏழு படம். ஏழுலயும் இந்தப் பையன்தான் தெளிவா விழுந்திருக்கான். யாரா இருக்கும்?"

"தெருன்னா நாலு பேர் வருவாங்க, போவாங்க சார். அதையெல்லாம் பார்த்துக்கிட்டு."

"அதுவும் சரிதான். மூக்குதான் கொஞ்சம் கோணல், இல்ல?"

"கோணலா? நல்லா நேராத்தான் இருக்கு" என்றாள் வெடுக்கென்று. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அதாவது, படத்தோட ஓரத்துல லென்ஸ் கொஞ்சம் வளைச்சுக் காட்டும் சார்" என்று சமாளித்தாள்.

"ஆளைப் பார்த்தா வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி தெரியுது."

பாலம் கட்டுகிற இன்ஜினியரைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது! நுனிநாக்குவரை வந்ததை அவள் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"லென்ஸை வச்சுட்டுப் போங்க சார், சரி பண்ணித் தரேன். உருப்படாத படத்தையெல்லாம் எதுக்கு வச்சுக்கிட்டு, அழிச்சுடுங்க."

"இல்லம்மா, என் கண் முன்னாடியே ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. நான் இருக்கேன்."

வேறு வழியில்லை. மேசையில் அளவுகோலைச் சாய்வாக நிறுத்தினாள். அவர் கேமரா, அவர் லென்ஸ். பூஜ்யத்தில் இருந்த கறுப்புக் கோட்டை ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டை ஒன்றாக்கி, பட்டனை அழுத்தினாள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், பூஜ்யம் கத்தி மாதிரி நிற்கிறது. தள்ளி வைத்து எடுத்தாள், கிட்டே வைத்து எடுத்தாள். மயிரிழைகூடப் பிசகவில்லை.

ஒரு நல்ல லென்ஸ்மேல் இத்தனை எரிச்சல் அவளுக்கு வந்ததே இல்லை. குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் விஷயம் இதோடு முடிந்தது. சரியாக இருக்கிறது என்றால், மனுஷர் அந்த ஏழு படங்களையும் குடைந்து குடைந்து பார்ப்பார். பையனைக் கண்டுபிடிப்பார். பெண் பக்குவமாகச் சொல்லவேண்டிய சங்கதி தன் கடையில் போட்டு உடைந்துவிடும்.

சோதனைச் சீட்டை எடுத்து, 'ஃபோகஸ் பின்னால்' என்பதுவரை எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு இதுவரை ஒன்றுகூடப் பொய் சொன்னதில்லை. மகனே, என்னை மன்னிச்சுடுடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அதைக் கிழித்துப் போட்டாள். புதுச் சீட்டில் 'லென்ஸில் குறை இல்லை' என்று எழுதி நீட்டினாள்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "அப்போ குறை எங்கேம்மா?"

கடைசியாக ஒரே ஒரு சந்துதான் பாக்கி இருந்தது. அதிலும் புகுந்து பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். வயசானா பார்வை கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். நல்ல கண் டாக்டரா பார்த்து ஒருதரம் காட்டிடுங்க."

வந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். 'கண் சிகிச்சை நிபுணர்' என்று இருந்தது.

"என் கண்ணுலயும் குறை இல்லம்மா. பொண்ணு எல்லாத்தையும் சொல்லி மூணு வாரம் ஆச்சு, பெத்தவங்க எப்படிப்பட்டவங்கன்னு பார்க்கத்தான் இதைத் தூக்கிக்கிட்டு வந்தேன்" என்றபடி சீட்டைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நான் ஃபோகஸ் பண்ணினதே உங்க பையனைத்தான், சம்பந்தியம்மா."