கோடாலிக்கு ஓய்வு

கௌசிக் தானே செய்த மிஷினின் லீவரை அழுத்தினான். ஜாக்கி நீண்டு தள்ள, வேலங்கட்டை இரும்பு ஆப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது.

"இனி நீ கோடாலியே தூக்க வேண்டாம், பிரியா."

மனைவி தனப்பிரியாவின் முகம் வாடியது.

"போன தடவ போர்வெல் போட ஒடிசா கெளம்பறப்ப வாஷிங் மிஷின் வாங்கிக் குடுத்தீங்க. இப்ப இதுங்களா? இந்தத் தடவ எத்தன மாசமுங்க?"

"ஜாக்கி ஏதுன்னு கேக்கலையே?"

"ஏதுங்க?"

"நம்ம போர்வெல் ரிக் லாரியில கழட்டினது."

"ஐயோ! அது இல்லாம லாரி எப்படிங்க ஊனி நிக்கும்?"

"நிக்க வேண்டாம். லாரியவே எடைக்குப் போட்டாச்சு. இங்கயே பட்டறை போடறேன். கல்யாண மண்டபத்துக்காரர் சமையல் வெறகு பொளக்க இப்பவே இதே மாதிரி ரெண்டு மிஷின் கேட்டிருக்கார்."

தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊட்லயே இருக்கறதுன்னா எனக்கெதுக்குங்க மிஷின்? நீங்களே கோடாலியில பொளந்து போடுங்க!"