கண் காயும்வரை

அவன் ‘வே’ வரை வந்துவிட்டான்.

திரையில் ஓர் எழுத்தையே பார்த்தபடி இருந்தால் அது பதிவாகும். கை, கால், நாக்கு எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டபின் அவனுக்கு மிஞ்சியவை இரண்டு கண்கள்தான். திரைக்கடியில் இருக்கும் கேமரா அவற்றின் பின்னாலேயே போகும். கண் கலங்கினால் மட்டும் அதற்கு வழி தெரியாது.

இது அவன் பெண்டாட்டிக்கும் தெரியும்.

டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். மூச்சு தானாக வராத நாளில் தொண்டையில் துளை போட்டு மெஷினோடு இணைக்கலாமா, கூடாதா? புருஷன் சொல்ல வேண்டியதைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்றுவிட்டார்.

‘ண்.’

திரை தானாகவே இரண்டு சொற்களை நீட்டியது. வேண்டும். வேண்டாம்.

அவன் பார்வை இரண்டாவது சொல்லை நோக்கி நகர்ந்தது.

“ஏங்க,” என்றாள் அவசரமாக. “தமயந்தி நேத்து உங்க காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குனா.”

மகள் பேர் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது.

‘கண்கள் தெரியவில்லை’ என்றது திரை.

காயும்வரை காத்திருந்தார்கள். அவன் மறுபடி எழுதினான். அவள் மறுபடி மகளைப் பற்றிப் பேசினாள். திரை மறுபடி அதையே சொன்னது. டாக்டர் மெஷினைத்தான் சந்தேகப்பட்டார்.

மூன்றாம் முறை அவன் உஷாராகிவிட்டான். தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். அவள் பேசப் பேச, மனசுக்குள் நிறுத்தங்களைக் கூவிக்கொண்டே போனான். பழனிசெட்டிபட்டி. வீரபாண்டி. உப்பார்பட்டி விலக்கு. அழுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

அவளுக்குப் பேச்சு தீர்ந்துபோயிற்று.

“எனக்கு யாருங்க இருக்கா?”

சீலையம்பட்டி தாண்டவில்லை. உடைந்துவிட்டான்.

கண்ணீர் கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எழாது. உதறத் தலை அசையாது. இமையை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தான்.

கன்னத்தைத் தொடும் முன்னே துடைத்துவிடுவது அவள் வழக்கம். இன்று மூன்று முறையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

“வேற மெஷின் கொண்டுவரச் சொல்லட்டுமாம்மா?” என்றார் டாக்டர்.

“மெஷின்ல ஒண்ணுமில்ல சார். கண்ணத் தொடச்சா சரியாயிரும்.”

முந்தானையால் இரண்டு கண்களையும் ஒற்றினாள். காதையும் துடைத்தாள். தலையணையை நிமிர்த்தித் திரையை அவன் முகத்துக்கு நேராக வைத்தாள்.

பிறகு அவன் பார்வையில் படாமல் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நின்றுகொண்டாள்.

அந்த ஈர முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.